பழைய இசைக்கருவியை விற்கலாமா? கொங்கு வீடுகளில் எழும் கேள்வியும் அதற்குக் கிடைத்த விடைகளும்

வாசிப்பவர் இல்லாமற்போன வீட்டில் தங்கிவிட்ட இசைக்கருவியை என்ன செய்வது? சொத்துப் பிரிக்கும்போதும் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும் எழுகிற இந்தக் கேள்விக்கு வாசிப்போர், கருவி செய்வோர், வணிகர், அருங்காட்சியகத்தார், சட்டம் இயற்றுவோர் எனப் பலரும் நெடுங்காலமாக வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

திருப்பூர் வட்டாரத்தில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. பனியன் தொழில் பெருகிய அரை நூற்றாண்டில் அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களின் வேலையே மாறிப்போனது. நிலத்தையும் தறியையும் நம்பியிருந்தவர்களைப் போலவே, கோயில் மேளத்தையும் நாடக மேடையையும் நம்பியிருந்தவர்களின் பிள்ளைகளிலும் பலர் கட்டிங், தையல், செக்கிங், சாயப்பட்டறை என்று போனார்கள். கருவிகள் வீட்டில் நின்றுவிட்டன. ஒரு வீட்டில் வீணை, இன்னொரு வீட்டில் ஆர்மோனியப் பெட்டி, வேறொன்றில் நாகசுரம், உடுக்கை, மிருதங்கக் கட்டை.

பனியன் தொழிலில் பழைய இயந்திரத்துக்கு விலை சொல்வது எளிது. ஓடிய ஆண்டைக் கழித்துத் தேய்மானம் பார்ப்பார்கள். ஓடாதென்றால் எடைக்குப் போடுவார்கள். இசைக்கருவிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்தக் கணக்கு பொருந்தும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. அந்த வேறுபாடுகளின் வேர்களையும் குறைகளையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பழையது விலை போகும் என்ற வாதம்

முதல் விடை சந்தையிலிருந்து வருகிறது: கருவி ஒரு சொத்து, பழமை ஏற ஏற விலையும் ஏறும், தக்க விலை வந்தால் விற்றுவிடலாம். இந்த எண்ணத்தின் ஊற்று ஐரோப்பிய வயலின் சந்தை. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1721-ல் செய்த 'லேடி பிளண்ட்' என்ற வயலின் 2011-ல் ஏறத்தாழ 1.59 கோடி அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. ஜப்பானில் அவ்வாண்டு ஏற்பட்ட நிலநடுக்கம், ஆழிப்பேரலை ஆகியவற்றின் நிவாரணத்துக்காக நிப்பான் இசை அறக்கட்டளை அதை விற்றது. இப்படிப்பட்ட செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தம் வீட்டுப் பரணில் இருப்பதும் புதையலோ என்ற ஆசை எழுவது இயல்பு.

அந்த விலைக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது. எந்தக் கருவி யார் கையிலிருந்து யாரிடம் போனது என்ற பதிவு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குத் தொடர்ச்சியாக உண்டு. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலத்தைச் சரிபார்க்கும் முறை உண்டு. சான்று எழுதித் தரும் வல்லுநர்களும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்துதான் விலையைத் தாங்குகின்றன.

தமிழ்நாட்டுக் கருவிகளுக்கு அத்தகைய அமைப்பு உருவாகவில்லை. வீணை செய்த ஆசாரியின் பெயர் பெரும்பாலும் கருவியில் இராது. வேலைப்பாட்டைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் ஊகிப்பார்கள். மிருதங்கம் செய்வோர் நிலை இன்னும் மோசம். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து போன்றவர்களின் உழைப்பைப் பற்றி விரிவான நூல் ஒன்று வருவதற்கு, பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செய்தவர் பெயரே பதிவாகாத சந்தையில் பழமைக்கு விலை வைப்பது கடினம். இங்கே ஒரு பழைய வீணைக்குக் கூடுதல் விலை கிடைத்தால், அது பெரும்பாலும் அதை வாசித்தவரின் புகழுக்கான விலை; அந்தப் புகழுக்கும் வாய்மொழியே சான்று.

வயலினிலும் எச்சரிக்கை தேவை. உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்ட்ராடிவாரியின் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும் வயலின்கள் உலகெங்கும் ஏராளம். ஜெர்மனி, பொஹிமியா பகுதிகளின் பட்டறைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பெருமளவில் செய்யப்பட்ட கருவிகளில் அந்த மாதிரியைக் குறிக்க ஒட்டிய தாள் அது. அவற்றில் பல நல்ல கருவிகள்தாம். ஆனால் தாளை மட்டும் நம்பிக் கோடியை எதிர்பார்ப்பவரும் ஏமாறுவார், வாங்குபவரும் ஏமாறுவார்.

மரம் முதிர்ந்தால் நாதம் முதிருமா?

விலை வாதத்தின் அடியில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது: பழைய கருவியின் நாதம் புதியதில் வராது என்பது. இதைச் சோதிக்க முயன்றவர்களுள் முக்கியமானவர் பிரான்சின் ஒலியியலாளர் கிளாடியா ஃபிரிட்ஸ். அவருடைய குழு 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் எது எதுவெனத் தெரியாதபடி 21 கலைஞர்களிடம் கொடுத்தது. பெரும்பாலோர் விரும்பியது ஒரு புதிய வயலினை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. பின்னர் பாரிஸ் அருகே புகழ்பெற்ற தனிக் கலைஞர்கள் 10 பேரைக் கொண்டு நடத்திய சோதனையும் பழையதற்குச் சாதகமாக அமையவில்லை. கருவிகளின் எண்ணிக்கை குறைவு என்றும், ஒரு கருவியோடு ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் அதன் குணம் தெரியும் என்றும் மறுப்புகள் வந்தன. அவற்றிலும் நியாயம் உண்டு. என்றாலும், 'பழையது தானாகவே மேலானது' என்ற கூற்று இனி மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்றாகிவிட்டது.

வயலினில் கிடைத்த முடிவை வீணைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. வீணை பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே மரத்தில் அமைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. முன்னதற்கு மதிப்பு அதிகம். மரம் காய்ந்து இறுக இறுக நாதம் கூடும் என்பது வாசிப்போரும் ஆசாரிகளும் வழிவழியாகச் சொல்லிவரும் அனுபவம். ஆனால் வீணையின் ஒலிக்கு மரம் மட்டுமே காரணமன்று. சி.வி. ராமன் 1921-ல் வெளியிட்ட ஆய்வில், வீணை, தம்புரா ஆகியவற்றின் தனித்த ஒலிக்கு அவற்றின் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேற்பரப்பு வளைவு முக்கியக் காரணம் என்று விளக்கினார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்திருப்பவை. அவற்றை அவ்வப்போது புதுப்பித்து மேளம் கட்ட, அதாவது சுருதிக்கேற்ப மெட்டுகளைப் பதிக்க, வேண்டும். குதிரை சீராக இல்லாமல், மெழுகு இறுகி வெடித்துக் கிடக்கும் நூறாண்டு வீணையைக் காட்டிலும், நன்றாக மேளம் கட்டிய புது வீணை இனிமையாக ஒலிக்கக்கூடும்.

நாகசுரத்தில் பழமை வேறு விதமாகப் பொருள்படுகிறது. நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் தேடுவது பழைய ஆச்சா மரத்தை. இடித்த வீடுகளிலிருந்து வரும் உத்திரம், தூண் போன்ற முதிர்ந்த மரமே அவர்களுக்கு உகந்தது. அங்கே மரத்துக்கு வயது வேண்டும், கருவிக்கு வேண்டியதில்லை. 2013-ல் தஞ்சாவூர் வீணையும் 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகசுரமும் புவிசார் குறியீடு பெற்றன. இன்றும் செய்யப்படும் கருவிகளுக்கே அந்த ஏற்பு என்பதைக் கருத வேண்டும்.

வாசிப்பவர் கைக்கே போகட்டும் என்ற வாதம்

இரண்டாவது விடை கலைஞர்களுடையது. கருவி வாசிக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது. வாசிப்பவருக்கு விற்பதோ கொடுப்பதோதான் அதற்குச் செய்யும் மரியாதை. பூட்டி வைத்த வீணையில் மெழுகு கெடும், தந்தியை முறுக்கும் பிரடை இறுகும்; ஆர்மோனியத் துருத்தியைப் பூச்சி அரிக்கும், ரீடில் களிம்பு ஏறும். இந்த வாதத்தின் வலிமை அதன் நடைமுறை உண்மையில் இருக்கிறது.

எல்லாக் கருவிக்கும் வாசிப்பவர் காத்திருக்கிறார் என்று அது கருதிவிடுவது அதன் குறை. இசை உலகின் தேவை மாறிக்கொண்டே வருகிறது. நாகசுரத்தில் முற்காலத்தில் பரவலாக இருந்தது நீளம் குறைந்த, உயர்ந்த சுருதி கொண்ட திமிரி நாயனம். நாகசுர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுருதி இறங்கிய பாரி நாயனத்தை நிலைநிறுத்திய பிறகு, கச்சேரி வாசிப்போர் பெரும்பாலும் அதையே நாடினர். ஒரு கொங்குக் கிராமத்தில் தாத்தா விட்டுப்போன திமிரியை இன்றைய வித்துவான் வாங்கி வாசிப்பார் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆர்மோனியத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. அகில இந்திய வானொலி 1940-ல் அதை விலக்கி வைத்தது. அந்தத் தடை 1971-ல்தான் தளரத் தொடங்கியது. ஆனால் தமிழ் நாடக மேடை அதை விடவில்லை. பாடலாசிரியர் உடுமலை நாராயண கவி போன்றவர்கள் வளர்ந்த அந்த நாடக உலகில் ஆர்மோனியம்தான் பாட்டுக்கு ஆதாரம். பிற்பாடு நாடகக் குழுக்கள் சுருங்கின. மின்னணு கீபோர்டு மலிவாக வந்தது. இன்று ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டியைப் பழுதுபார்க்கும் செலவு அதன் விற்பனை விலையைத் தாண்டிவிடலாம். வாங்குபவர் வாசிப்பதற்கு வாங்குகிறாரா, விடுதி வரவேற்பறையில் அழகுக்கு வைக்க வாங்குகிறாரா என்பதையும் விற்பவரால் கட்டுப்படுத்த முடியாது.

காத்து வைப்போர் வாதம்

மூன்றாவது விடை: பழைய கருவி பொதுச் சொத்துக்கு ஒப்பானது, தனியாருக்கு விற்காமல் அருங்காட்சியகத்தில் சேர்க்க வேண்டும். இதற்கு 19ஆம் நூற்றாண்டு முன்னோடி ஒன்று உண்டு. கொல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் 1876-ல் பெல்ஜிய மன்னருக்கு அனுப்பிய ஏறத்தாழ நூறு இந்தியக் கருவிகள், மறு ஆண்டு உருவான பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயின. தமிழகத்தில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி, சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்தார். பிற்பாடு கருவிகளின் சேகரிப்புக்கும் ஆய்வுக்குமான சங்கீத வாத்யாலயாவை உருவாக்குவதிலும் முன்னின்றார்.

இந்த வாதத்துக்குத் தமிழில் மிகக் கனமான சான்று யாழ். சங்க இலக்கியம் முழுதும் ஒலித்த அந்தக் கருவியின் பண்டைய வடிவம் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. விபுலானந்த அடிகள் நூல்களையும் சிற்பங்களையும் கணக்கையும் துணையாகக் கொண்டு பல்லாண்டு உழைத்து, 1947-ல் வெளிவந்த 'யாழ் நூல்' வழியாக அதை மீட்டெடுக்க முயல வேண்டியிருந்தது. பண்டைய யாழ் ஒன்றாவது எஞ்சியிருந்தால் அந்த உழைப்பின் பெரும்பகுதி எளிதாகியிருக்கும். காக்காமல் விட்டதன் விலை இது.

காட்சிக்கூடத்துக்கும் குறைகள் உண்டு. பேழைக்குள் வைத்த கருவி வடிவத்தைச் சொல்லும், ஒலியைச் சொல்லாது. எல்லாக் கருவியையும் ஏற்க அருங்காட்சியகங்களுக்கு இடமும் இல்லை, பராமரிக்கும் ஆளும் இல்லை. வாசிப்பதற்கும் காத்து வைப்பதற்கும் நடுவில் ஒரு வழியை இத்தாலியின் ஜெனோவா காட்டுகிறது: வயலின் மேதை பகனினி தம் வயலினை அந்நகருக்கு உயில் எழுதி வைத்தார், நகரம் அதைக் காத்துவருகிறது, தேர்ந்த கலைஞர்களுக்கு அவ்வப்போது வாசிக்கவும் தருகிறது. நிப்பான் இசை அறக்கட்டளையும் தன் கருவிகளைக் கலைஞர்களுக்கு இரவலாகத் தருவதையே நோக்கமாகக் கொண்டது. இரவல் என்ற இந்த மூன்றாம் வழிக்குத் தமிழகத்தில் வலுவான நிறுவன ஏற்பாடு தேவைப்படுகிறது. கோவை மாலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரி போன்ற இடங்கள் அதற்குப் பொருத்தமானவை.

விற்கக்கூடாதது என்ற வாதம்

நான்காவது விடை வழிபாட்டிலிருந்தும் குடும்ப உணர்விலிருந்தும் எழுகிறது. ஆயுத பூசையன்று பனியன் கம்பெனியில் இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பது போலவே வீட்டில் வீணைக்கும் மேளத்துக்கும் பொட்டு வைக்கிறோம். சரசுவதியாக வணங்கியதை எப்படி விலை பேசுவது என்ற தயக்கம் உண்மையானது. அதைப் பழம்போக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இதே மரபில் கருவியைச் சீடருக்குக் கொடுப்பதும் கோயிலுக்குச் சேர்ப்பதும் என்றும் ஏற்கப்பட்டவையே. கைமாறுவதை மரபு தடுக்கவில்லை, தகுதியற்ற கைக்குப் போவதையே தடுத்தது என்று சொல்லலாம்.

இங்கே இரண்டு சிக்கல்கள் கவனிக்கப்படாமல் போகின்றன. முதலாவது உரிமை. துடும்பு, கொம்பு, தாரை போன்ற கொங்குக் கருவிகளில் சில ஊருக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ உரியவை; வாசித்த குடும்பத்தின் வீட்டில் இருப்பதாலேயே அது அக்குடும்பச் சொத்தாகிவிடாது. இரண்டாவது சாதி. பறையைச் சாவுக்கு அடிக்கும்படி ஒடுக்கப்பட்ட மக்கள் மேல் சுமத்தப்பட்ட கட்டாயத்தை எதிர்த்து, அதைக் கையால் தொட மறுத்ததும் ஒரு விடுதலைப் போராட்டம்தான். பிற்பாடு அதே பறையைத் தம் பெருமையின் அடையாளமாக மேடையேற்றியதும் அம்மக்களின் தேர்வே. 'மரபைக் காப்பாற்று' என்று வெளியிலிருந்து சொல்பவர்கள், அந்த மரபு யார் மேல் பாரமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கருவியை வைத்திருப்பதா விடுவதா என்பதை முடிவு செய்யும் உரிமை அதைச் சுமந்தவர்களுக்கே முதலில் உரியது.

சட்டம் இடும் எல்லை

மேலே சொன்ன எந்த நிலைப்பாட்டை ஏற்றாலும் சட்டத்தின் எல்லையைத் தாண்ட முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வணிகம் செய்வதற்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கோ வாங்குபவருக்கோ பழைய வீணையை அனுப்ப நினைப்பவர், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் பெறுவது நல்லது.

பலர் அறியாத தடை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பழைய வீணைகளில் தந்தத்தாலும் மான்கொம்பாலும் வேலைப்பாடு செய்வது வழக்கம். இந்திய யானைத் தந்த வணிகத்தை 1986-லும், இறக்குமதித் தந்த வணிகத்தை 1991-லும் செய்த திருத்தங்கள் தடை செய்தன. கஞ்சிராவுக்கு மரபாகப் போர்த்தப்பட்ட உடும்புத் தோலும் தடைக்கு உட்பட்டதே. இத்தகைய பொருள் மரபுரிமையாக வரலாம். ஆனால் வாரிசு அதைத் தொண்ணூறு நாளுக்குள் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், விற்க முடியாது. வைத்திருக்க விரும்பாத, உரிமைச் சான்று பெற்றவர் இழப்பீடின்றி ஒப்படைக்க 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்த தந்த வயலினின் பெருமையை இசை வரலாறு போற்றுகிறது. அதுபோன்ற ஒன்று இன்று சந்தைக்கு வந்தால் அது குற்றமாகும்.

பொருளா, ஒலியா?

இதுவரை பார்த்த வாதங்கள் அனைத்தும் கருவியைப் பொருளாகவே காண்கின்றன. கொங்கு நாட்டின் அனுபவம் வேறொரு கோணத்தையும் தருகிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1960களின் நடுப்பகுதியில் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1965-ல், பொன்னர் சங்கர் கதை என்றும் அறியப்படும் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகர்கள் வாயிலாகக் கேட்டு நாடாவில் பதிவு செய்தார். அந்தப் பதிவு பின்னர் நூலாக வெளிவந்து உலகெங்கும் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டுவருகிறது.

உடுக்கையின் சந்தை விலை மிகச் சிறியது. தோல் கிழியும், மாற்றுவார்கள்; உடலும் ஒரு நாள் மாறும். ஆனால் ஒருவர் அதை எப்படி அடித்தார், கதையின் எந்த இடத்தில் வேகம் கூட்டினார், எங்கே நிறுத்தினார் என்பதற்கு மாற்று இல்லை. அதைக் காத்தது ஒலிநாடா. விலை குறைந்த கருவியாயிற்றே என்று அலட்சியமாக விட்டுவிடுபவை சில வேளை மிக அரிய அறிவைச் சுமந்திருக்கும் என்பதற்கு இது திருப்பூர் மாவட்டத்திலேயே உள்ள சான்று. இந்த வழிக்கும் எல்லை உண்டு: பதிவு இருக்கிறது என்பதையே சாக்காக வைத்துக் கருவியை எறிந்துவிடலாம் என்று ஆகிவிடக் கூடாது. யாழின் கதை அதைத்தான் எச்சரிக்கிறது.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளும் தத்தம் இடத்தில் பொருந்துகின்றன. எதுவும் எல்லாக் கருவிக்கும் பொருந்தவில்லை. நல்ல நிலையில் உள்ள ஏகாந்த வீணைக்கும் நாதம் கெடாத மிருதங்கக் கட்டைக்கும் வாசிப்போர் வாதம் வலுவாகப் பொருந்தும். அவற்றை மாணவருக்கு நியாய விலைக்கு விற்பதில் தவறு காண்பதற்கில்லை. வழக்கொழிந்த திமிரிக்கும் அரிய வட்டாரக் கருவிகளுக்கும் காப்பகமே பொருத்தம். ஊர்க் கருவியை ஊரைக் கேட்காமல் விற்பது முறையாகாது. தந்தமோ உடும்புத் தோலோ உள்ளதை விற்கவே இயலாது. ஐரோப்பிய வயலின் சந்தையின் கணக்கை நம் கருவிகளுக்குப் போட்டுப் பார்ப்பது, பெரும்பாலான குடும்பங்களை ஏமாற்றத்துக்கே இட்டுச் செல்லும்.

தீராத கேள்விகளும் எஞ்சி நிற்கின்றன. பலாமரத்தின் முதிர்ச்சி வீணை நாதத்தில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை வயலினுக்குச் செய்ததுபோல் பெரிய அளவில் சோதித்தால்தான் சொல்ல முடியும். ஊர்ப் பொதுக் கருவிக்கு உரிமையாளர் யார் என்பது ஒவ்வோர் ஊரிலும் தனியாகத் தீர்க்க வேண்டியது. இரவல் முறைக்கு யார் பொறுப்பேற்பது, செலவை யார் தாங்குவது என்பதும் முடிவாகவில்லை. கலைக்கு நன்கொடை தரும் வசதி படைத்த தொழில் நகரமான திருப்பூர், இந்தக் கடைசிக் கேள்விக்கு வழிகாட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தயக்கமின்றிச் சொல்லலாம். நம் கருவிகளின் மதிப்பைக் குறைப்பது அவற்றின் வயதோ பழுதோ அல்ல, அவற்றைப் பற்றிய எழுத்துப் பதிவு இல்லாமையே. ஆகவே விற்பவரும் கொடுப்பவரும் வைத்திருப்பவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: யார் செய்தது, யார் வாசித்தார், எந்த ஊர் மேடையிலும் கோயிலிலும் ஒலித்தது, என்ன சுருதி, எப்போது பழுதுபார்த்தது என்பதை எழுதி, படம் எடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒலியையும் பதிவு செய்யுங்கள். அந்தத் தாளின் ஒரு படி கருவியோடு போகட்டும், ஒரு படி வீட்டில் இருக்கட்டும். விவரம் அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். விலை பேசுவது அதற்குப் பிறகு.